ஆஷுடன் நடந்தவர்கள்: எந்தக் குழு நல்ல குழு?

நீங்கள் கேட்டது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு தரவரிசைக் கேள்வி. போக்கிமான் என்ற விந்தைப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் ஜப்பானிய அனிமேஷன் தொடரில், நாயகன் ஆஷுடன் ஊர் ஊராகப் போன குழுக்களில் எது சிறந்தது, எட்டு வயது அக்கா மகளுக்கு எதிலிருந்து போட்டுக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில், "மிஸ்டியும் பிராக்கும் இருந்தபோது இருந்த ருசி அப்புறம் வரவே இல்லை, இது என் வயசுக் கோளாறா?" என்றும் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் குழு நிஜமாகவே நன்றாக எழுதப்பட்டதா, இல்லை முதலில் பார்த்ததால் மனசில் ஒட்டிக்கொண்டதா?

நான் சின்னத்திரைத் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிப் பிழைப்பவன். அதே ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஏதாவது நடக்க வைக்க வேண்டிய தொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். போக்கிமானைப் பாதி ஆங்கில டப்பிங்கிலும் பாதி ஜப்பானிய மூலத்தில் சப்டைட்டில் வைத்தும் பார்த்தவன். ஜப்பானிய மொழி எனக்கு வராது. அதனால் வசன நயம், குரல் நடிப்பு பற்றியெல்லாம் வாய் திறக்கப் போவதில்லை. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர்களை இங்கே புழங்கும் ஆங்கில வடிவத்திலேயே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வந்தது. தொலைக்காட்சித் தொடர் 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் தொடங்கியது. அதிலிருந்து புதிய தலைமுறை கேம் வரும்போதெல்லாம் தொடரும் புதிய பிரதேசத்துக்குக் குடிபெயரும் (காண்ட்டோ, ஜோட்டோ, ஹோயென், சின்னோ, யுனோவா, காலோஸ், அலோலா என்று வரிசையாக), கூடவே ஆட்களும் மாறுவார்கள். மே, டான், செரீனா மூவரும் அந்தந்த கேமில் விளையாடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய பெண் பாத்திரங்கள். மிஸ்டி, பிராக், ஐரிஸ், சைலன், கிளெமான்ட் எல்லோரும் கேமில் ஜிம் லீடர்கள், அதாவது ஊருக்கு ஊர் இருக்கும் போட்டிக்கூடத்தின் தலைவர்கள்; அவர்களை ஜெயித்தால் பேட்ஜ், பேட்ஜ் சேர்த்தால் லீக் போட்டி. யார் உள்ளே வருவது என்பதைப் பெரும்பாலும் கேமின் நாட்காட்டிதான் தீர்மானித்தது. எங்கள் தொழிலில் "அவருக்குப் பதில் இவர்" என்று கீழே ஒரு வரி ஓடவிடுவோமே, கிட்டத்தட்ட அதுதான். என்ன, இங்கே மாறியது நடிகர் இல்லை, பாத்திரமே. இதற்கு மேல் நான் சொல்வதில் பெரும்பகுதி ஒரு எழுத்தாளனாக என் கணிப்பு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவை அளக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆஷை ஒரு வாரம் காய்ச்சலில் படுக்க வைத்தால், மற்றவர்களை வைத்து ஒரு எபிசோடு ஓட்ட முடியுமா? ஓட்ட முடியும் என்றால் அவர்களுக்கென்று ஒரு ட்ராக் இருக்கிறது, அவர்கள் தோற்கவும் ஜெயிக்கவும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். முடியாது என்றால், ஆஷ் அடிக்கும்போது கைதட்டவும், தெரியாத போக்கிமான் வந்தால் விளக்கம் சொல்லவும்தான் அவர்கள் இருக்கிறார்கள். போக்கிமானில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். ஆஷுக்கு வயது ஏறாது. 1997இல் பத்து வயது, கடைசி வரை பத்து வயதுதான். ஒவ்வொரு பிரதேசத்திலும் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்து தொடங்குவான். ஆகவே யாராவது வளர்ந்தார்கள், மாறினார்கள் என்று காட்ட வேண்டுமானால் அது கூட வருபவர்களின் தலையில்தான் விழும்.

இந்த அளவுகோலை வைத்து காண்ட்டோவைப் பாருங்கள். மிஸ்டி ஆஷோடு சேர்ந்ததற்குக் காரணம் நட்பு இல்லை, கடன். ஸ்பியரோ என்ற பறவைப் போக்கிமான் கூட்டம் துரத்த, ஆஷ் அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் போக்கிமான் பிகாச்சுவின் மின்னலில் அது கருகிப்போகிறது. "என் சைக்கிளுக்கு வழி சொல்" என்றுதான் அவள் பின்னால் வருகிறாள். திரைக்கதையாகப் பார்த்தால் இது தங்கமான தொடக்கம். அவளுக்கு ஆஷைப் புகழ வேண்டிய அவசியமே இல்லை. அவள் ஏற்கெனவே ஜிம் நடத்தும் குடும்பத்துப் பெண், மூன்று அக்காக்களின் நிழலில் நின்று சலித்தவள், ஆஷைவிட விவரம் தெரிந்தவள். அவன் தப்புப் பண்ணினால் முகத்துக்கு நேராகச் சொல்வாள். பிராக்கின் கதை வேறு. அப்பா வீட்டைவிட்டுப் போக, தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தவன். அப்பா திரும்பி வந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்ப முடிகிறது. கிளம்பி வந்தவன் வழியில் என்ன செய்கிறான்? ஆஷுக்கும் மிஸ்டிக்கும் சமைத்துப் போடுகிறான்! வீட்டில் செய்த அதே வேலை. தொடர் இதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அவன் கரண்டியைப் பிடிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அது இருக்கிறது.

அந்தக் குழு எப்படி வேலை செய்தது என்று பார்க்க டோகெபி என்ற குட்டிப் போக்கிமானின் முட்டைக் கதை போதும். முட்டையைக் கண்டெடுத்தவன் ஆஷ். அதைப் பாதுகாத்து வெதுவெதுப்பாக வைத்துப் பார்த்துக்கொண்டவன் பிராக். நடுவில் அது ஆஷைத் துரத்தும் வில்லன் கூட்டமான டீம் ராக்கெட் கைக்குப் போக, அங்கே கட்டிக்கொண்டு தூங்கியது அவர்களுடைய பேசும் போக்கிமான் மியாவ்த். பொரிந்த நேரத்தில் கையில் வைத்திருந்தவள் மிஸ்டி. நான்கு பேரும் தனக்குத்தான் என்கிறார்கள், போட்டி வைத்துத் தீர்க்கலாம் என்கிறார்கள். கடைசியில் குஞ்சு கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்த முகம் மிஸ்டியுடையது, அதனால் அவளிடமே போகிறது. நான்கு பேருக்கும் நியாயம் இருக்கிறது, ஒவ்வொருவருடைய நியாயமும் வேறு, சண்டை ஆஷைச் சுற்றி மட்டும் நடக்கவில்லை. இருபது நிமிடத்துக்குள் இதைச் செய்வது எளிதல்ல.

ஆக, உங்கள் ரசனையில் கோளாறு இல்லை. ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருப்பது முதல் 80 எபிசோடு சொச்சம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அதே மிஸ்டி, அதே பிராக் ஜோட்டோவில் என்ன ஆனார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். சைக்கிள் பேச்சு எப்போதோ நின்றுவிட்டது. மிஸ்டி டோகெபியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள், அவ்வளவுதான். விர்ல் தீவுகளில் நடந்த நீர்ப் போக்கிமான் கோப்பைப் போட்டியில் அவள் ஆஷையே தோற்கடித்தபோது, "அட, இவளுக்கும் ஒரு கதை இருந்ததே" என்று சட்டென்று உறைக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது மறுபடி மறைந்துவிடுகிறது. ஆள் அதே ஆள், எழுத்து வேறு. ஜோட்டோவின் நீளமான நடுப்பகுதியை இப்போது உட்கார்ந்து பார்த்தீர்கள் என்றால், மிஸ்டி இருப்பதாலேயே ருசி வந்துவிடாது என்பது உங்களுக்கே தெரியும். அவளை ஜிம்மைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்ப அனுப்பும் பிரிவு எபிசோடு மட்டும் அருமை. பழுதுபார்த்த சைக்கிள் அங்கேதான் அவள் கைக்கு வந்து சேர்கிறது, அதாவது அவள் கூட வருவதற்கான சாக்கு தீர்ந்துவிட்டது. கடனில் தொடங்கியதைக் கடனிலேயே முடித்தவர்களுக்குக் கைகொடுக்கலாம்.

இடையில் ஆரஞ்சுத் தீவுகளில் பிராக்குக்குப் பதிலாக டிரேசி வந்தான் அல்லவா, அதன் காரணத்தைத் தொடரின் இயக்குநர்களில் ஒருவரான மசமிட்சு ஹிடாகா பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிராக்கின் கண்கள் வரையப்பட்ட விதம் வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், ஆசியர்களைக் கேலி செய்வதாகப் படுமோ என்று பயந்திருக்கிறார்கள். அங்கே யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, பிராக்கைப் பிடித்தே போயிருந்தது என்று தெரிந்ததும் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். டிரேசி பாவம். போக்கிமான்களைப் பார்த்துப் படம் வரைவதுதான் அவன் வேலை. பார்வையாளனாகவே எழுதப்பட்ட ஒருவனை வைத்து எந்த எழுத்தாளனாலும் கதையை நகர்த்த முடியாது.

2002 நவம்பரில் ஹோயென் தொடங்கியபோதுதான் தொடர் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தது: இரண்டாவது ட்ராக். மேக்கு ஆரம்பத்தில் போக்கிமான் மீதே ஈடுபாடு இல்லை, ஊர் சுற்ற ஆசை, அவ்வளவுதான். பிறகு கான்டெஸ்ட் என்ற மேடைப் போட்டி அவளைப் பிடித்துக்கொள்கிறது. ஆஷ் ஜிம் பேட்ஜ் சேர்க்கிறான், அவள் ரிப்பன் சேர்க்கிறாள். எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? ஒரு ட்ராக் தொங்கும்போது இன்னொன்றை இழுக்கலாம். அவளுக்கு ட்ரூ, ஹார்லி என்று தனிப் போட்டியாளர்கள். அவர்கள் ஆஷை மதிப்பதும் மதிக்காததும் கதைக்கே தேவையில்லை. தம்பி மேக்ஸ் எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்தவன், சொந்தமாக ஒரு போக்கிமான் வைத்துக்கொள்ள வயது வராதவன். வாயாடி, சில சமயம் எரிச்சல், ஆனால் அக்காவைச் சீண்ட ஆள் வேண்டுமே. முடிவில் டெரகோட்டா என்ற ஊரில் ஒரு சிறு போட்டியில் மேயும் ஆஷும் மோதி, சமமாக முடிந்து, பதக்கத்தை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் ஒரு போக்கிமானைக் கண்டு பயந்த பெண் கடைசி நாள் அவனுக்குச் சமமாக நிற்கிறாள்.

பிராக் பெண்களைப் பார்த்து உருகும் நகைச்சுவையைக் கவனித்திருப்பீர்கள். காண்ட்டோவில் மிஸ்டி அவன் காதைப் பிடித்து இழுத்துப் போவாள். மிஸ்டி போன பிறகு ஹோயெனில் அந்தக் காது மேக்ஸ் கைக்கு வருகிறது. சின்னோவில் அவனுடைய சொந்தப் போக்கிமான் க்ரோகங்க்கே விஷக் குத்து விட்டு இழுத்துக்கொண்டு போகும். பிராக்கே இல்லாத காலோஸில்கூட அந்த ஜோக் சாகவில்லை. குட்டிப் பெண் பானி, வழியில் பார்க்கும் அக்காக்களிடமெல்லாம் "என் அண்ணனைக் கட்டிக்கோங்க" என்று மண்டியிட, அண்ணன் கிளெமான்ட் வெட்கத்தோடு இயந்திரக் கையை நீட்டி அவளைத் தூக்கிப்போவான். ஆட்கள் மாறினாலும் வேலைகள் கைமாறிக்கொண்டே இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நீங்கள் "அந்த ருசி" என்று சொல்வதில் ஒரு பகுதி இந்த வேலைகள்தான். அவை பல வருடம் தொடர்ந்து இருந்தன.

என் கணக்கில் சிறந்த குழு சின்னோ: ஆஷ், டான், பிராக். 2006 செப்டம்பரிலிருந்து 2010 வரை, 191 எபிசோடு. டானின் அம்மா ஜொஹானா கான்டெஸ்டில் பெயர் வாங்கியவர், மகளும் அதே வழியில் போக நினைக்கிறாள். முதல் ரிப்பன் வந்துவிடுகிறது. அப்புறம் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே. குழந்தைகள் தொடரில் இரண்டு தோல்வியை ஒரே பாட்டில் துடைத்துவிடுவது வழக்கம். இங்கே விடவில்லை. அவள் சிரிக்கிறாள், கவலைப்படாதே என்கிறாள், தனியாக இருக்கும்போது உடைகிறாள். அப்போது வேல்ஸ்டோன் ஊரில் ஜிம் லீடர் மேலீன், ஆஷின் போட்டியாளனான பால் என்பவனிடம் மோசமாகத் தோற்று நம்பிக்கை இழந்து கிடக்கிறாள். அவளோடு டான் மோதுகிறாள்! ஆஷுக்காக இல்லை, பேட்ஜுக்காகவும் இல்லை. டான் தோற்கிறாள். ஆனால் இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இந்த இரண்டு பெண்களின் வாரத்தில் ஆஷ் வேடிக்கை பார்ப்பவன். நான் சொன்ன காய்ச்சல் பரீட்சையில் முழு மதிப்பெண்.

அதோடு இந்தக் குழுவில் இரண்டு ட்ராக்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வேலை செய்கின்றன. ஆஷின் போக்கிமான் ஏய்ப்பாமுக்கு மேடை பிடிக்கிறது, டானின் போக்கிமான் புயிசெலுக்கு அடிதடி பிடிக்கிறது, இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். (அந்த ஏய்ப்பாம் அம்பிபாமாக வளர்ந்து பின்னால் டேபிள் டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போய்விட்டது. அதை யார் எழுதினார்களோ, அன்றைக்கு நல்ல மூடில் இருந்திருக்க வேண்டும்.) டான் மேடைக்காகப் பழகிய சுழற்சியை ஆஷ் சண்டையில் தப்பிக்கப் பயன்படுத்துகிறான், அதையே வளர்த்து எதிர்த்தாக்குதல் கவசமாக்குகிறான். அவள் வந்ததால் அவன் சண்டை போடும் விதமே மாறுகிறது. முன்னாள் தோழி மே விருந்தாளியாக வந்தபோது வாலஸ் கோப்பை என்ற கான்டெஸ்டின் இறுதிப் போட்டியில் டானும் மேயும் நேருக்கு நேர், டான் ஜெயிக்கிறாள். போன குழுவையும் இந்தக் குழுவையும் ஒப்பிட ரசிகர்கள் சண்டை போட வேண்டாம், தொடரே ஒரு மேடையில் ஏற்றிவிட்டது. பிராக்குக்கும் நியாயமான முடிவு கிடைத்தது. ஊர் ஊராகக் கவனித்துக்கொண்டே வந்தவன், அந்தக் கவனிப்பையே தொழிலாக்கி போக்கிமான் மருத்துவராகப் படிக்கப் போகிறான்.

யுனோவா பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஐரிஸ் மோசமான பாத்திரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காட்டில் வளர்ந்தவள், அவளுடைய சொந்தப் போக்கிமான் எக்ஸ்காட்ரில் ஒரு தோல்விக்குப் பிறகு அவள் பேச்சைக் கேட்காமல் சுருண்டு கிடக்கிறது. கதைக்கு நல்ல விதை அது. ஆஷைப் பார்த்து "சின்னப் பையன்" என்று அவள் சொல்வது மிஸ்டியின் வாயை மீட்கும் முயற்சி. ஆனால் மிஸ்டியின் கேலிக்குப் பின்னால் எரிந்த சைக்கிள் இருந்தது, இதற்குப் பின்னால் எதுவும் இல்லை. சைலன் வாரம் ஒரு பொழுதுபோக்கில் நிபுணனாகிவிடுவான். அவர்களுக்கு ரிப்பன் போல ஏறிப் போக ஒரு ஏணியும் இல்லை. 2011 மார்ச் நிலநடுக்கம் வந்ததால் டீம் ராக்கெட்டும் யுனோவா கேமின் வில்லன் கூட்டமான டீம் பிளாஸ்மாவும் மோதும் இரண்டு பாகக் கதை ஒளிபரப்பாகவே இல்லை என்பது பதிவான செய்தி. அது வந்திருந்தால் அந்த சீசனின் முதுகெலும்பு உறுதியாக இருந்திருக்கும் என்று சில ரசிகர்கள் சொல்வது ஊகம்தான், நான் அதில் பெரிதாக எடை வைக்க மாட்டேன்.

காலோஸில் எழுத்தாளர்கள் வேறொரு பந்தயம் கட்டினார்கள். செரீனாவுக்கு ஆரம்பத்தில் லட்சியமே இல்லை. சின்ன வயதில் ஒரு முகாமில் விழுந்து அடிபட்டபோது கைக்குட்டை கட்டிவிட்ட பையனைத் தேடிக் கிளம்பியவள், அவ்வளவுதான். நிறைய பேர் இதை பலவீனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நண்பர்களோடு போய், போகிற வழியில் தனக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் கதை. செரீனா கண்டுபிடித்தது பெண்கள் பங்கேற்கும் மேடைப் போட்டியை. முதல் மேடையில் தோற்று, விடியற்காலையில் தனியாக அழுது, முடியை வெட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள். கடைசியில் அந்தப் போட்டியின் நடப்பு ராணி ஆரியாவிடம் இறுதிச் சுற்றில் தோற்கிறாள், தோற்றும் தெளிவாக இருக்கிறாள். அதைவிட எனக்குப் பிடித்தது பனிக்காட்டுக் காட்சி. ஜிம் லீடர் வுல்ஃப்ரிக்கிடம் தோற்ற ஆஷ் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான், தேடி வந்தவளிடம் எரிந்து விழுகிறான். அவள் சமாதானம் சொல்லவில்லை. பனிக்கட்டியை உருட்டி உருட்டி அவன் மேல் எறிகிறாள், இது நீ இல்லை என்று கத்திவிட்டு அழுதுகொண்டே போய்விடுகிறாள். ஆஷின் மேல் கோபப்படும் உரிமை மிஸ்டிக்குப் பிறகு அவளுக்குத்தான் கிடைத்தது. ஆனால் அது வந்து சேர இரண்டரை வருடத்துக்கும் மேல் ஆனது. கிளெமான்ட் கூடவே நடந்து, பிறகு தன் ஜிம்மில் ஆஷுக்கு எதிரே நின்றதும் நல்ல யோசனை. பானி, மேக்ஸ் செய்த வேலையை அவனைவிட அழகாகச் செய்தாள்.

அலோலாவை இந்த வரிசையில் வைப்பதே சரியில்லை. அங்கே பயணமே கிடையாது. ஆஷ் பேராசிரியர் குகுய் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறான். ஐந்து வகுப்புத் தோழர்களுக்கும் வீடு, அப்பா அம்மா, கடை, பண்ணை எல்லாம் இருக்கின்றன. ராத்திரி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவதால் அன்றாடம் உரசுவதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் வீடு இருப்பதால் வழிப்பயணத்தில் சொல்ல முடியாத கதைகளைச் சொல்ல முடிந்தது: போக்கிமானைத் தொடவே முடியாத லில்லி, அம்மாவை இழந்த மேலோ. ஆஷ் முதன்முதலாக ஒரு பிரதேச லீக் கோப்பையை வென்றதும் 2019இல் இங்கேதான். பயணக் குழுவாக மதிப்பெண் குறைவு. தொடராக எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று. அதற்கடுத்து கோ என்ற பையன் கூட வந்த ஜர்னீஸ் பகுதியில் இரண்டு பேர் மட்டும், இரண்டு தனி லட்சியம், ஒரு ஆய்வகம்தான் கூடாரம். கோவின் ட்ராக் மியூ என்ற அரிய போக்கிமானைத் தேடுவது. ட்ராக் இருக்கிறது, ஆனால் அவன் போக்கிமான்களைப் பிடிப்பது மிகவும் சுலபமாக நடந்துவிடுகிறது. தோற்க முடியாதவனுக்கு என்னால் பதற முடியாது.

ஆஷ் காலம் முழுவதும் கலையாமல், பதிலுக்கு ஆள் போடாமல் ஓடிய பயணக் குழு ஒன்று உண்டு, டீம் ராக்கெட்டின் ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த். பசி, கடன், வேலையில் திட்டு எல்லாம் இருந்தும் ஒருவரையொருவர் விட்டுப் போவதில்லை. சேர்ந்து நடப்பது பற்றிய தொடர் இது என்றால் அதன் உண்மையான நாயகர்கள் அவர்கள் என்று ஒருவர் வாதாடினால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

2023 ஏப்ரலில் ஆஷ் விலகி, லிகோ, ராய் என்ற இருவரோடு ஹொரைசன்ஸ் என்ற புதிய தொடர் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் தொடர் என்பதால் தீர்ப்பு சொல்ல மாட்டேன், கட்டுமானம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இதில் குழு என்பது ஒரு பறக்கும் கப்பல். பெரியவர்கள் இருக்கிறார்கள்: ஃப்ரீட் தலைவன், மர்டாக் சமைக்கிறான், மாலி வைத்தியம் பார்க்கிறாள், ஓர்லா இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பிராக் ஒருவனே சுமந்த வேலைகளைப் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொண்டதால், பிள்ளைகள் தயங்கவும் பயப்படவும் இடம் கிடைக்கிறது. லிகோ வாயைத் திறக்கவே யோசிப்பவள். டாட் என்ற பெண் கப்பலில் இருந்தும் அறைக்கதவைத் திறக்காமல் உள்ளேயே கிடப்பவள், முகமூடி வேஷத்தில் இணையத்தில் மட்டும் கலகலப்பாகப் பேசுபவள். அவள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து மற்ற இருவரோடு சேர்வதற்கு நிறைய எபிசோடு எடுத்துக்கொள்கிறார்கள். கூட வருவதே ஒருவளுடைய லட்சியமாக இருப்பது இந்தத் தொடருக்குப் புதுசு.

இனி அக்கா மகள் விஷயம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 1997இன் படத்தரமும் வேகமும் ஒத்துவருமா என்பது பிள்ளையைப் பொறுத்தது. காண்ட்டோவின் முதல் ஐந்து எபிசோடு போட்டுப் பாருங்கள். சைக்கிள் எரிவதும், மிஸ்டி புழுவைக் கண்டு அலறுவதும், பிராக் வீட்டைவிட்டுக் கிளம்புவதும் அதற்குள் வந்துவிடும். அவளுக்குப் பிடித்தால் லீக் வரை போங்கள், ஜோட்டோவை முழுதாகக் காட்டி அலுக்க வைக்க வேண்டாம். மிஸ்டி பிரியும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் நேராகச் சின்னோவின் முதல் எபிசோடு, அது டானோடுதான் தொடங்குகிறது, பின்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஹொரைசன்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். மிஸ்டியை நீங்கள் அப்புறமாக அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்.